“என்னோடு ஞானஸ்நானம் எடுத்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள்”: ஒரு தம்பிக்குப் பதில்

கல்லூரியில் படிக்கும்போது ஞானஸ்நானம் எடுத்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேள்வி நீளமானது, சாரம் இதுதான். குடும்பத்தில் இவர்தான் முதல் விசுவாசி. ஆரம்பத்தில் வேதத்தைக் கீழே வைக்க மனம் வராது, ஜெபத்தில் உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. இப்போது எல்லாம் வறண்டுவிட்டது, முழங்காலில் நின்றால் தூக்கம்தான் வருகிறது. அம்மா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கப் போனால் சாதிச் சான்றிதழ் குறுக்கே நிற்கிறது. சபையில் கமிட்டித் தேர்தல் வந்து இரண்டு கோஷ்டியாகிவிட்டார்கள். கூட ஞானஸ்நானம் எடுத்த நண்பர்கள் இரண்டு பேரும் இப்போது எந்தச் சபைக்கும் போவதில்லை. “என் விசுவாசம் முதலிலிருந்தே பொய்தானா? இதற்கு மேலும் பிடித்துக்கொண்டு நிற்பதில் அர்த்தம் இருக்கிறதா?” என்று முடித்திருக்கிறார்.

நான் போதகர் இல்லை தம்பி. வாலிபர் கூட்டமும் வேதபாட வகுப்பும் பல வருஷமாக நடத்திவருகிறவன், அவ்வளவுதான். உங்கள் கேள்வியை வேறு வேறு முகங்களிலிருந்து பலமுறை கேட்டிருக்கிறேன். அதனால் முதலில் ஒன்று: இந்த மனநிலையில் இருக்கும்போது பெரிய முடிவு எதுவும் எடுக்காதீர்கள். விடுவதென்றாலும் சரி, வேலையை உதறிவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போகிறேன் என்று கிளம்புவதென்றாலும் சரி (சோர்ந்துபோனவர்கள் இப்படியும் கிளம்புவார்கள், பார்த்திருக்கிறேன்), இப்போது வேண்டாம்.

உங்கள் விசுவாசம் பொய்யா என்ற கேள்விக்கு யோவான் ஆறாம் அதிகாரத்தை ஒருமுறை முழுக்க வாசியுங்கள். ஐந்து அப்பம், இரண்டு மீன் அற்புதம் நடக்கும் அதே அதிகாரம்தான். தொடக்கத்தில் ஐயாயிரம் ஆண்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், இயேசுவைப் பிடித்து ராஜாவாக்கவே பார்க்கிறார்கள். மறுநாள் கப்பர்நகூமில் அவர் பேசப் பேச கூட்டம் முணுமுணுக்கிறது, கடைசியில் சீஷர்கள் என்று பெயர் பெற்றவர்களே “இது கடினமான உபதேசம், யார் இதைக் கேட்பார்கள்” என்று சொல்லி அநேகர் பின்வாங்கிப் போய்விடுகிறார்கள். அற்புதத்துக்கும் கூட்டம் கலைவதற்கும் நடுவில் ஒரே ஒரு நாள். அவர் ஓடிப்போய் யாரையும் தடுக்கவில்லை, உபதேசத்தைக் கொஞ்சம் இலகுவாக்கியும் சொல்லவில்லை. மிச்சம் நின்ற பன்னிரண்டு பேரைப் பார்த்து, “நீங்களும் போய்விட மனதாயிருக்கிறீர்களோ” என்று கேட்கிறார்.

அதற்கு அவர்களில் ஒருவனான பேதுரு சொன்ன பதிலை நாம் பெரிய வீரவசனம் மாதிரி மேடையில் முழங்குகிறோம். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. “ஆண்டவரே, யாரிடத்தில் போவோம், நித்தியஜீவ வசனங்கள் உம்மிடத்தில் உண்டே” என்கிறான். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று அவன் சொல்லவில்லை. தம் மாம்சத்தைப் புசிக்கவேண்டும், இரத்தத்தைப் பானம்பண்ணவேண்டும் என்று இயேசு பேசினதெல்லாம் அவனுக்கும் அன்றைக்கு விளங்கியிருக்காது. போக வேறு இடமில்லை, உம்மிடத்தில் கேட்டது உண்மை என்று மட்டும் தெரிகிறது, அதனால் நிற்கிறேன், அவ்வளவுதான் அவன் பதில். உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது: “விட்டுவிடலாம் என்று நினைத்தால் எங்கே போவது என்று தெரியவில்லை.” அதை நீங்கள் தோல்வியாக எழுதியிருக்கிறீர்கள். பேதுரு அதையேதான் அறிக்கையாகச் சொன்னான்.

அந்தப் பேதுருதான் பிற்பாடு கரிநெருப்புப் பக்கத்தில் நின்று, ஒரு வேலைக்காரப் பெண்ணுக்குப் பயந்து, அந்த மனுஷனை அறியேன் என்றான் என்பதும் உங்களுக்குத் தெரியும். அதற்கு முன்பே இயேசு அவனிடம் சொன்ன வார்த்தையைக் கவனியுங்கள்: “நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்; நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து.” விழமாட்டாய் என்று அவர் சொல்லவில்லை. விழப்போகிறான் என்று தெரிந்தே, திரும்பி வந்த பிறகு செய்யவேண்டிய வேலையையும் முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார். நிலைத்திருப்பது என்றால் ஒரு நாளும் ஆடாமல் நிற்பது என்று நாமாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம், வேதம் திரும்பி வருவதையும் சேர்த்துத்தான் எண்ணுகிறது. உங்களுக்குச் சொல்ல என்னிடம் முக்கியமாக இருப்பது இந்த ஒன்றுதான், மற்றதெல்லாம் இதிலிருந்து வருவது.

அப்புறம் ஏன் நீங்கள் மட்டும் விசித்திரமான பிறவி என்று உங்களுக்குத் தோன்றுகிறது? அதில் நம் சபைகளுக்குப் பங்கு உண்டு. சாட்சி நேரத்தை நினைத்துப் பாருங்கள். வேலை கிடைத்தவர் எழுந்து சொல்வார், குழந்தை பிறந்தவர் சொல்வார், ஸ்கேனில் இருந்த கட்டி மறைந்துபோனவர் சொல்வார். நல்லதுதான், தேவனுக்கு மகிமை. “எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை, ஜெபிக்கவே முடியவில்லை, ஆனாலும் இன்றைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன்” என்று ஒருவர் எழுந்து சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? அதுவும் சாட்சிதான், என்னைக் கேட்டால் கனமான சாட்சி. ஆனால் முடிந்த கதைகளுக்குத்தான் நாம் மைக் கொடுக்கிறோம். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டையும் அப்படியே. “உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு” என்பதும் ஆண்டவர் நேரடியாகக் கொடுத்த வாக்குதான், ஆனால் அதை அட்டையில் அச்சடித்து யாரும் கொடுப்பதில்லை, கொடுத்தால் மாற்றித் தரச் சொல்லி வரிசை நிற்கும். இந்தச் சூழலில் வளர்கிற ஒருவருக்குக் கஷ்டம் வந்தால், என்னிடத்தில்தான் ஏதோ பாவம் இருக்கிறது என்ற எண்ணம் வராமல் என்ன செய்யும்?

சரி, நடைமுறைக்கு வருவோம். ராத்திரி ஷிப்ட் வேலை, காலையில் வந்து நாலு மணிநேரத் தூக்கம், சாப்பாடு கிடைத்தபோது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கேள்வியின் ஓரத்தில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள், நான் அதை நடுவில் வைத்துப் பார்க்கிறேன். முதலாம் இராஜாக்கள் 19இல் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து “போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்” என்கிறார். கர்மேல் பர்வதத்தில் அவர் ஜெபித்து அக்கினி இறங்கின கொஞ்ச நாளுக்குள் இந்த நிலைமை. அப்போது பரலோகத்திலிருந்து அவருக்கு வந்தது பிரசங்கம் இல்லை. தூங்கவிடுகிறார்கள். தூதன் தட்டி எழுப்புகிறான், தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். மறுபடியும் எழுப்பி, “எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்” என்கிறான். இரண்டு தூக்கம், இரண்டு சாப்பாடு. “இங்கே உனக்கு என்ன காரியம்” என்று விசாரிப்பதெல்லாம் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு. உடம்பைப் பட்டினிபோட்டு விழிக்கவைத்துவிட்டு, ஜெபத்தில் தூக்கம் வருகிறதே என்று தன்னையே குற்றப்படுத்திக்கொள்வதில் பக்தி ஒன்றும் இல்லை. வாரத்தில் கிடைக்கிற ஒரு விடுமுறை நாளிலாவது உபவாசக்கூட்டத்துக்கு ஓடாமல் நன்றாகத் தூங்குங்கள்.

இதோடு ஒன்று சேர்த்துச் சொல்லவேண்டும். எதிலும் விருப்பமில்லாமல் வாரக்கணக்கில் இருக்கிறது, சாப்பிடப் பிடிக்கவில்லை, செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்து வந்து போகிறது என்றால் அது ஆவிக்குரிய சோர்வு மட்டும் இல்லை, மனநல மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைச்சல் என்று யாராவது சொன்னால், அவர் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை போடுகிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

வறட்சியைப் பற்றி. அன்னை தெரேசா 1997இல் இறந்தார். பத்து வருஷம் கழித்து, 2007இல், அவர் தம் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள் வெளியானபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது, கல்கத்தா வேலையைத் தொடங்கிய காலத்திலிருந்து கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் அவருக்கு ஜெபத்தில் தேவ பிரசன்னம் என்று எதுவும் உணர்வில் இருக்கவில்லை என்பது. வெளியே சிரித்த முகம், உள்ளே இருட்டு. அப்படியும் விடிகாலையில் எழுந்து ஜெபத்துக்குப் போனார், பிறகு சாகக் கிடந்தவர்களைக் கழுவித் துடைக்கப் போனார். சிலர் இதைக் காட்டி, பார்த்தீர்களா அவருக்கே விசுவாசம் இல்லை என்றார்கள். நான் அதைத் தலைகீழாகப் படிக்கிறேன்: உணர்வு இல்லாமலேயே ஐம்பது வருஷம் ஒருவர் காலம் தள்ளியிருக்கிறார் என்றால், நம் விசுவாசம் உணர்வின்மேல் கட்டப்பட்டதில்லை என்பதற்கு அதைவிட வேறு என்ன ஆதாரம் வேண்டும்? அவர் கத்தோலிக்கர், நீங்கள் வேறு சபை, அதனால் என்ன.

சங்கீதம் 88ஐயும் படித்துப் பாருங்கள். மற்ற புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை எப்படியாவது கடைசியில் ஒரு துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்புவதில்லை. “சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர், எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்” என்று அப்படியே நின்றுவிடுகிறது. ஆனால் அது வேதத்தில் இருக்கிறது, ஆலயத்தில் பாடக் கொடுக்கப்பட்ட பாட்டாக இருக்கிறது. தேவனைப் பார்த்தே இதைச் சொல்கிறான் என்பதால் அதுவும் ஜெபம்தான்.

எனவே இப்போதைக்குச் சொந்த வார்த்தையில் ஒரு மணிநேரம் ஜெபிக்கவேண்டும் என்ற கட்டாயத்தை விடுங்கள். நம்மிடத்தில் வார்த்தை தீர்ந்துபோகும்போது மற்றவர்கள் வார்த்தையைக் கடன் வாங்கலாம், சபை அதற்காகத்தான் சங்கீதங்களையும் கீர்த்தனைகளையும் எழுதப்பட்ட ஜெபங்களையும் வைத்திருக்கிறது. பெந்தெகொஸ்தே பின்னணியில் வந்தவர்களுக்கு அச்சடித்த ஜெபம் என்றால் ஒரு இளக்காரம் உண்டு, எனக்குத் தெரியும். வறண்ட நாளில் அதன் அருமை தெரியும். காலையில் ஒரு சங்கீதம் வாய்விட்டு வாசியுங்கள், பரமண்டல ஜெபம் ஒருமுறை, போதும். ரயிலில் போகும்போது “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று மாற்கு ஒன்பதில் வருகிற அந்தத் தகப்பனின் ஒரு வரியைச் சொல்லிக்கொண்டு போங்கள். அவன் அரைகுறை விசுவாசத்தோடுதான் வந்தான், பிள்ளை சுகமானான்.

வீட்டு விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகப் பேசப்போகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளவேண்டாம். முதல் தலைமுறை விசுவாசிகள் வீட்டில் படுகிற பாடு எல்லாமே சிலுவை இல்லை. பாதி சிலுவை, பாதி நம் நாக்கு. பொங்கலுக்கு அம்மா ஊட்டவந்த சர்க்கரைப் பொங்கலைத் தட்டிவிட்டு “இது விக்கிரகத்துக்குப் படைத்தது” என்று அத்தை, சித்தப்பா எல்லாருக்கும் முன்னால் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு வலித்தது இயேசுவா, நீங்கள் தட்டிவிட்டதா? பவுல் இந்தப் பிரச்சினையைக் கொரிந்து பட்டணத்தில் அப்படியே சந்தித்திருக்கிறார். முதலாம் நிருபம் பத்தாம் அதிகாரத்தில் அவர் சொல்வது: விசுவாசியாதவர் விருந்துக்கு அழைத்தால், போக மனதிருந்தால் போ, முன்னால் வைத்ததை ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடு, இது படைக்கப்பட்டது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், சொன்னவருடைய மனச்சாட்சியை நினைத்துச் சாப்பிடாதே. அதாவது கேள்வி கேட்டுச் சண்டையை நாமே தேடிப்போகவேண்டாம், கேட்டு வந்தால் சமாளிக்கவேண்டும். படைத்ததைச் சாப்பிட மாட்டேன் என்பது உங்கள் மனச்சாட்சியானால் அதில் நில்லுங்கள். ஆனால் படைப்பதற்கு முன்னாலேயே அடுப்படிக்குப் போய், “அம்மா, எனக்குக் கொஞ்சம் தனியாக எடுத்து வைங்க” என்று கேட்டிருக்கலாம். எத்தனையோ வீடுகளில் அம்மாக்கள் அப்படி எடுத்து வைக்கிறார்கள், ஒரு வார்த்தை சொல்லாமல். இந்த வருஷம் அம்மாவுக்குக் கரும்பும் மஞ்சள்கொத்தும் வாங்கிக்கொண்டு போங்கள், வீட்டுக்கு வெள்ளையடிக்க ஏணியில் ஏறுங்கள். நம் பிள்ளை நமக்கு இல்லாமல் போய்விட்டான் என்ற பயம்தான் அவருடைய கோபத்துக்குள் இருக்கிறது. அந்தப் பயம் போக வசனம் உதவாது, நீங்கள் கூட இருந்தால்தான் போகும்.

மிச்சம் பாதி இருக்கிறதே, அது நிஜமான சிலுவை. அதற்கு உங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவரைச் சொல்கிறேன். குமரி மாவட்டம் நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரண்மனையில் அதிகாரி. மாடுகள் செத்து, விளைச்சல் கெட்டு மனம் நொந்திருந்தபோது, 1741 குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பிறகு மன்னரிடமே தளபதியான டச்சுக்காரர் டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொல்கிறார். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், தேவசகாயம் என்று பெயர். அவரை விசுவாசத்துக்குக் கொண்டுவந்த கதையே கஷ்டப்பட்ட ஒருவனின் கதை, செழிப்பின் கதை இல்லை. 1749இல் கைது. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15இல் போப் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது எல்லாரும் அந்தத் துப்பாக்கிச் சூட்டைப் பற்றியே பேசினார்கள். என் மனதில் நிற்பது நடுவில் போன அந்த மூன்று வருஷம். எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக அவமானப்படுத்தினார்கள், அடித்தார்கள், விலங்கு போட்டு வைத்தார்கள், எப்போது முடியும் என்று தெரியாது. ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் வீட்டுக்குப் போகலாம், பதவியும் திரும்பக் கிடைக்கலாம். சுடப்படுவது ஒருமுறை, இந்த வார்த்தையைச் சொல்லாமல் இருப்பது ஒவ்வொரு நாளும். அநுதினமும் சிலுவையை எடுத்துக்கொண்டு என்று லூக்கா எழுதியிருப்பது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது சான்றிதழ். வெளியாட்களுக்குப் புரியவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்: 1950ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தியின்படி இந்துவாக இருக்கும் தலித்துகளுக்கு மட்டுமே பட்டியல் சாதி அந்தஸ்து. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்கள் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் ஞானஸ்நானம் எடுத்த ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுகிறார். சேரியில் அதே வீடு, அதே தெரு, டீக்கடையில் அதே பார்வை, ஆனால் பட்டியல் சாதி இட ஒதுக்கீடும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கையைவிட்டுப் போகிறது. இது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். இதற்காக வழக்கும் போராட்டமும் நடத்துகிறவர்களோடு சேர்ந்து நிற்பதும் சீஷத்துவம்தான். இதனால் ஞாயிற்றுக்கிழமை சபையிலும் தாலுகா அலுவலகத்தில் இந்துவாகவும் வாழ்கிறவர்கள் எத்தனையோ பேர் என்பது நம் எல்லாருக்கும் தெரிந்த, யாரும் பேசாத விஷயம்.

சான்றிதழ் பிரச்சினை சபைக்குப் புதிதில்லை. கி.பி. 250இல் ரோமப் பேரரசர் டேசியஸ், எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு அதற்கு அதிகாரிகளிடம் எழுத்துச் சான்று வாங்கவேண்டும் என்று ஆணையிட்டார். எகிப்தில் அந்தப் பப்பைரஸ் சான்றுகள் டஜன் கணக்கில் கிடைத்திருக்கின்றன. நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்தவன், இப்போதும் உங்கள் முன்னிலையில் பானபலி ஊற்றி, பலியிட்டு, பலிப்பொருளைச் சுவைத்தேன் என்று எழுதி, கீழே சாட்சிக் கையெழுத்து. கார்த்தேஜ் நகரத்தில் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். நேரமாகிவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று சொன்னபோது, இன்றைக்கே முடித்துவிடுங்கள் என்று கெஞ்சினவர்களும் உண்டு என்று அந்த ஊர் பிஷப் சிப்ரியான் வேதனையோடு எழுதுகிறார். பலியிடாமலேயே லஞ்சம் கொடுத்துச் சான்றை மட்டும் வாங்கினவர்கள் இன்னொரு கூட்டம். உபத்திரவம் அடங்கினதும் எல்லாரும் அழுதுகொண்டு சபை வாசலுக்கு வந்தார்கள். ரோமில் நொவாத்தியன் என்ற மூப்பர், அப்படி விழுந்தவர்களில் ஒருவரையும் சேர்க்கக்கூடாது என்று தனிக்கூட்டமாகவே பிரிந்துபோனார். 251இல் கார்த்தேஜில் பிஷப்புகள் கூடிப் பேசினார்கள்: சான்று மட்டும் வாங்கினவர்களை ஒவ்வொருவராக விசாரித்து, மனந்திரும்புதலுக்குப் பிறகு சேர்க்கலாம், பலியே இட்டவர்களுக்கு நீண்ட தவக்காலம், மரணப்படுக்கையிலாவது சேர்க்கவேண்டும். அடுத்த உபத்திரவம் வரப்போகிறது என்று தெரிந்தபோது தவத்தில் இருந்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். முதல் அலையில் தலைமறைவாக இருந்ததற்காக ஏச்சு வாங்கின சிப்ரியான், 258இல் ஓடாமல் நின்று தலையைக் கொடுத்தார்.

டேசியஸின் சான்றும் நம் தாசில்தார் கொடுக்கும் சான்றும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. அங்கே கேட்டது வழிபாடு, இங்கே பறிக்கப்படுவது உரிமை. நான் சொல்வது இரண்டு. பொய்யாக எழுதிக்கொடுத்துவிட்டு வாழ்கிற பாரம் வருஷம் ஏற ஏறக் கூடுமே தவிரக் குறையாது, வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்தப் பயம் தனி; முடியுமானால் உண்மையை எழுதி அதன் இழப்பை ஏற்றுக்கொள்ளுங்கள், பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டில் என்ன கிடைக்கும் என்று விவரம் தெரிந்த வக்கீலிடம் கேளுங்கள். ஆனால் வீட்டு நெருக்கடியில் வேறு விதமாக முடிவெடுத்த ஒருவரை, சொந்தத்தில் இந்த இழப்பு எதுவும் இல்லாத பரம்பரைக் கிறிஸ்தவர் எழுந்து நியாயந்தீர்த்தால், அவர் பேச்சைக் காதில் வாங்கவேண்டாம்.

சபைச் சண்டைக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கமிட்டித் தேர்தலில் நாற்காலி பறப்பதெல்லாம் நம் ஊரில் செய்தித்தாளில் வருகிற சங்கதிதான். தேவசகாயம் ஞானஸ்நானம் எடுத்த அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் சாதிக்கு ஒரு பக்கம் என்று இரண்டாகப் பிரித்தே கோயில் கட்டினார்கள், நடுவில் இருந்த தடுப்பை 1910இல்தான் இடித்தார்கள், அதற்கும் கோர்ட்டுக்குப் போனார்கள். சபை எப்போதும் இப்படித்தான் இருந்திருக்கிறது, அதற்குள்தான் பரிசுத்தவான்களும் இருந்திருக்கிறார்கள். கோஷ்டி வாட்ஸ்அப் குரூப் இரண்டிலிருந்தும் வெளியே வாருங்கள். சபைக்குள் சாதி பார்த்தோ, பணத்தை வைத்தோ, பெண்பிள்ளைகளிடம் தவறாக நடந்தோ ஒருவர் அதிகாரம் செய்தால் அதைப் பொறுத்துக்கொள்வது சிலுவை சுமப்பது ஆகாது. சொல்லவேண்டிய இடத்தில் சொல்லுங்கள், தேவைப்பட்டால் போலீஸிலும் சொல்லுங்கள், அந்தச் சபையை விட்டு வேறு சபைக்குப் போங்கள். ஒரு கட்டடத்தை விட்டு வந்தால் கிறிஸ்துவை விட்டுவிட்டதாகாது. ஆனால் வீட்டிலிருந்தே யூட்யூபில் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் ஆகிவிடாதீர்கள். சபை கூடிவருதலை விட்டுவிடவேண்டாம் என்று எபிரெயர் நிருபம் சொல்வது, ஆரம்பத்தில் ஆஸ்தியைப் பறிகொடுத்தும் சந்தோஷமாக இருந்து, பிறகு களைத்துப்போன ஜனங்களிடம். உங்கள் மாதிரி ஆட்களிடம். திருவிருந்துக்குப் போங்கள். உணர்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்பத்தைக் கையில் வைப்பார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். ஆளைப் பொறுத்தவரை, உங்களைவிட வயதில் மூத்த, அதிகம் பேசாத ஒருவர் அங்கே நிச்சயம் இருப்பார், பெரும்பாலும் பின்வரிசையில் உட்காரும் ஒரு அக்காவோ தாத்தாவோ. அவரிடம் போய், “எனக்காக ஜெபியுங்கள், என்னால் முடியவில்லை” என்று சொல்லுங்கள். உபதேசம் பண்ண ஆரம்பித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

கடைசியாக அந்த நண்பர்கள் இரண்டு பேர். அவர்கள் போனதைப் பார்த்துத்தான் உங்களுக்கே பயம் பிடித்திருக்கிறது. இரண்டாம் தீமோத்தேயு நாலாம் அதிகாரத்தில் அடுத்தடுத்த வசனங்களில் இரண்டு பெயர் வருகிறது. ஒன்று பவுலோடு ஊழியம் செய்த தேமா: இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்து என்னைவிட்டுப் பிரிந்து போய்விட்டான் என்கிறார் பவுல். அதற்குப் பிறகு அவன் என்ன ஆனான் என்று வேதத்தில் ஒன்றும் இல்லை. அடுத்த வசனத்தில் மாற்கு: அவனைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன். இந்த மாற்கு யார் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் தேடிப் பாருங்கள். பவுலோடும் பர்னபாவோடும் ஊழியத்துக்குப் புறப்பட்டு, பம்பிலியா நாட்டுப் பெர்கேயில் பாதி வழியில் விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பிப்போனவன். அவனை மறுபடி சேர்ப்பதா வேண்டாமா என்பதில்தான் பவுலுக்கும் பர்னபாவுக்கும் கடுங்கோபம் மூண்டு இரண்டு பேரும் பிரிந்தார்கள். அன்றைக்கு அவன் வேண்டவே வேண்டாம் என்றவர் பவுல். பர்னபா அவனைக் கூட்டிக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பல் ஏறினார், அங்கே என்ன பேசினார், எப்படித் தேற்றினார் என்று நடபடிகளை எழுதின லூக்கா ஒரு வரியும் எழுதவில்லை. பல வருஷம் கழித்து, சிறையிலிருந்து பவுல் அவனைக் கேட்டு அனுப்புகிறார்.

உங்கள் நண்பர்களில் யார் தேமா, யார் மாற்கு என்று இப்போது யாருக்கும் தெரியாது, அவர்களுக்கே தெரியாது. அதனால் ஏன் சபைக்கு வருவதில்லை என்று கேட்டு மெசேஜ் போடாதீர்கள், வசனப் படம் அனுப்பாதீர்கள். ஒருத்தர் இப்போது திருப்பூரில் இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அடுத்த விடுமுறையில் பஸ் ஏறிப் போய்விட்டு வாருங்கள், சேர்ந்து சாப்பிடுங்கள். அவராகச் சபைப் பேச்சை எடுத்தால் உங்கள் நிலைமையும் சரியில்லை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.